அடுத்த ஏட்டின் முதல் சொல்

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ், மூன்றாம் மாடி.
பட்டமளிப்புப் படம், கல்யாண ஜோடி,
யாரோ கையெழுத்திட்ட பூப்பந்து ஜெர்சி,
எதுவானாலும் சட்டம் அடிப்பேன்.
டிசம்பர் மழையில் ஒரு பிற்பகல்
சிக்லாப்பிலிருந்து திருமதி பெஸ்தானா வந்தார்.
துணிப்பைக்குள் அட்டை, அட்டைக்குள் டிஷ்யூ,
டிஷ்யூவுக்குள் ஒரு தோல்.

தோல்தான். கன்றுக்குட்டியுடையது.
ஐநூற்றைம்பது வருஷம் என்றார், லத்தீன் ஜெபம் என்றார்.
சாய்த்துப் பிடித்தேன்.
ஒரு பக்கம் மயிர்க்கால்களின் புள்ளி,
மறுபக்கம் வெண்ணெய் வழவழப்பு.
ஓரமெங்கும் நீலக்கொடி, ஸ்ட்ராபெர்ரி,
கொம்பு நீட்டி
ஏட்டுக்கு வெளியே யாரையோ முறைக்கும் நத்தை.
பெரிய எழுத்தின் வயிற்றில் பொன்.
நம் ட்யூப் லைட்டுக்கே
தீக்குச்சி உரசியதுபோல் எழுந்தது.
கீழே, வலது மூலையில்,
வரிகளோடு சேராமல் நின்றது ஒரு சொல்.

சொல்லை எழுத்துக் கூட்டினேன்: மா, னே.
மானே!
கன்றின் தோலில் மானைக் கூப்பிட்டவன் எவன்?
திருமதி பெஸ்தானா சிரிக்கவில்லை.
'காலையில்' என்று அர்த்தமாம்.
அடுத்த ஏடு அந்தச் சொல்லில் தொடங்குமாம்.
புத்தகம் கட்டுபவன் மாற்றிக் கோத்துவிடாமலிருக்க
எழுதியவன் வைத்த அடையாளம்.
அடுத்த ஏடு எங்கே என்றேன்.
பிரித்து, ஒவ்வொன்றாக விற்றுவிட்டார்கள்,
அதில்தான் லாபம் என்றார், விலையைச் சொல்லாமல்.
பிறகு நகத்தால் காட்டினார்:
இது மட்டும் கறை மாதிரி இருக்கிறது,
மவுண்ட்டில் மறைத்துவிடு.

மறைத்துவிடலாம். பன்னிரண்டு மில்லிமீட்டர் போதும்.
ஆனால் அட்டையை வெட்டுவதற்குள் ஏடு சுருண்டது.
இந்த ஊர்க் காற்று அதற்குப் புதிது.
ஈரத்தைக் குடித்து முதுகை வளைத்தது,
முதல்முறை எழுந்து நிற்கப் பார்க்கும் கன்றுபோல.
உறிஞ்சுதாளுக்கு நடுவில் கிடத்தி
மேலே கண்ணாடி, அதன்மேல் எடைக்கட்டி.
கேட்டவரிடம் சொன்னேன், ஒரு வாரம்.

வாரம் முடியவில்லை,
பொங்கோலிலிருந்து ஓர் இளஞ்ஜோடி. புது பிடிஓ வீடு.
சோபா சாம்பல், சுவர் வெள்ளை,
நடுவில் கொஞ்சம் தங்கம் வேண்டுமாம்.
வெய் ஜுன் ஆன்லைன் ஏலத்தில் எடுத்தது.
டிஷ்யூவைப் பிரித்தேன்.
அதே கை. அதே நீலம்.
முதல் வரியில், முதல் சொல்

மானே.

இந்தச் சொல் எத்தனை ஏட்டில் இருக்குமோ,
எனக்கு லத்தீன் தெரியாது.
புழுவுக்கும் தெரியாது.
ஆனால் கடுகளவு புழு ஒன்று
இரண்டு ஏட்டையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது.
துளைமேல் துளை வைத்துத் தூக்கினேன்.
மேசைவிளக்கு ஒற்றை ஊசியாக
என் மணிக்கட்டில் இறங்கியது.

மிஸ்டர் சியா கிளம்பிய பிறகு
இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டேன்.
அந்தாதி படித்தவள் நான்.
ஒரு பாட்டின் கடைசிச் சொல்
அடுத்த பாட்டின் தலையில் ஏறும் சத்தம் எனக்குத் தெரியும்.
அன்று அது கேட்கவில்லை. ஏசி ஓடியது. வெளியே மழை.
நத்தை முறைத்த திசையில் மட்டும்
இப்போது ஆள் இருந்தது:
பொங்கோல் ஏட்டின் ஓரத்தில்
ஈட்டி பிடித்த ஒரு முயல்.

வெய் ஜுனுக்கு மறுபக்கம்தான் பிடித்தது,
அதில் பொன் அதிகம்.
ஆக, ஒரு மானே அட்டைக்கு அடியில்,
ஒரு மானே சுவரைப் பார்த்து.

பின்பலகையை மூடுமுன் பென்சில் எடுத்தேன்.
சிக்லாப் சட்டத்துக்குள் பொங்கோலின் வேலைச்சீட்டு எண்.
பொங்கோல் சட்டத்துக்குள் சிக்லாப்பின் எண்.
பெயரில்லை, முகவரியில்லை.
மேலே பழுப்பு டேப்.
பில்லில் மவுண்ட், கண்ணாடி, கூலி மட்டும்.

இருவரும் வந்து வாங்கிப் போனார்கள்,
வேறு வேறு நாளில்,
காலையில்.